ஈச்சிலம்பற்றுக்கு வந்த 20 நாடாக்கள்

சில மாதங்களுக்கு முன்னர் ஈச்சிலம்பற்றிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். அங்குள்ள சங்கமொன்றின் கணினி வேலைகளைச் சம்பளம் இல்லாமற் பார்ப்பவர். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. "சேர், கனடாவில இருந்து ஒரு பெட்டி வந்திருக்கு. ஒரு மெசினும் இருபது கசற்றும். பாட்டுக் கசற் மாதிரியும் இல்ல. என்ன செய்யிறது இத வச்சி?" என்று கேட்டார்.

படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எல்.ரீ.ஓ-5 வகை நாடா இயக்கி ஒன்று. பாவித்தது, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. கூடவே புத்தம்புதிய 20 நாடாக்கள். அந்த ஊரில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் கணினித் துறையில் இருக்கும் ஒருவர், தமது அலுவலகத்தில் கழித்த பொருளைக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். நன்கொடையாளர் ஒரு கடிதமும் வைத்திருந்தார். அதில் 'காப்புப்பிரதிக்கு' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அந்த ஒரு சொல்லை விளக்குவதற்குத்தான் நான் ஈச்சிலம்பற்றுக்குப் போக வேண்டியதாயிற்று.

நான் கலைப் பட்டதாரி. கணினிக்கும் எனக்கும் உள்ள உறவு பத்திரிகை அலுவலகத்தில் வேறு ஆளில்லாத குறைக்கு ஏற்பட்டது. ஆசிரிய பீடத்தில் ஆங்கிலக் கையேட்டை வாசித்துப் பார்க்கப் பொறுமையுள்ளவன் என்று என்னைக் கருதினார்கள். அதனால் செய்தி எழுதிய கையோடு சேர்வரையும் பார்த்துக்கொள் என்றார்கள். அவ்வாறு கற்றதிற் பாதி தவறுகளாற் கற்றது. அத்தவறுகளில் ஒன்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன், ஏனென்றால் அது இந்த ஊரோடு தொடர்புடையது.

ஈச்சிலம்பற்றை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு முனை அது. மூதூரைத் தாண்டி, கொட்டியாரக் குடாவைப் பின்னால் விட்டு, வெருகலாறு வரை நீளும் நிலம். மகாவலியின் ஒரு கிளைதான் வெருகலாறு. கிண்ணியாவிலும் வெருகலிலும் பாதையில் வாகனத்தை ஏற்றிக் கடந்த காலத்தில், திருகோணமலை நகரிலிருந்து அங்கு போவதென்றால் ஒரு நாள் செலவு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் மட்டக்களப்பு - திருகோணமலை வீதி சாதாரண வீதியாகிவிட்டது. ஒருபுறம் கடல், ஒருபுறம் ஆறு, ஒருபுறம் காடு. வயல், மீன், மாடு என்று வாழும் சனங்கள்.

இந்தச் சனங்களின் கடதாசிகளைப் பற்றித்தான் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தது. பெட்டியிலிருந்த பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் அது கொண்டுபோயிற்று. புதிதாக எடுத்த பிரதிகளின் மை காய்வதற்குள் 2006 வந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் மூதூர் கிழக்கில் குண்டுவீச்சு. ஜூலையில் மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டதை அடுத்துப் பெரும் போர். சனங்கள் ஈச்சிலம்பற்றிலிருந்து வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் கையிலிருந்த பையின் கனம் குறைந்தது. 2007 இல் திரும்பி வந்து கிராம உத்தியோகத்தர் முன் நின்றவர்கள் பலரிடம் தாம் யாரென்று காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. பிறந்த பதிவே அகப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்றை நமது நாட்டில் வழங்குகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கசப்பு. ஒருவர் பிறந்ததையே உத்தேசமாக ஏற்றுக்கொள்கிறது அரசு.

இருந்தும் நடமாடும் சேவைகளில் ஆயிரக்கணக்கானோருக்குச் சான்றிதழ்கள் மீளக் கிடைத்தன. அதற்குக் காரணம் அதிகாரிகளின் கருணை மட்டுமன்று. பிறப்பு இறப்புப் பதிவில் இரட்டைப் பிரதி எழுதி, ஒன்றைத் தொலைவில் வைக்கும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஈச்சிலம்பற்றில் கடல் கொண்டுபோன பதிவின் இரட்டை, கொழும்பு இறாக்கையில் தூசி படிந்து கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து எழுதுவினைஞர்கள் பேனாவாலும் மைக்கூட்டாலும் செய்ததைத்தான் இன்று நாம் நாடாவில் செய்யப் பார்க்கிறோம். இதை இளைஞர்களுக்குச் சொன்னால் காப்புப்பிரதி என்பது என்னவென்று உடனே விளங்கிவிடும். கணினிக் கையேட்டைக் காட்டினால் விளங்குவதில்லை.

அந்தச் சங்கம் செய்த வேலை பாராட்டத்தக்கது. உறுப்பினர்களின் சான்றிதழ்கள், காணி உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், சேமிப்புப் புத்தகங்கள், பழைய குடும்பப் படங்கள் ஆகியவற்றை வருடி எடுத்து ஒரு சேர்வரில் சேமித்திருக்கிறார்கள். சேர்வர் என்றால் பெரிய கற்பனை வேண்டாம். மேசைக்குக் கீழே நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டிதான். உள்ளே இரண்டு வன்தட்டுகள்; ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதப்படும். வெளியே யூ.எஸ்.பி வன்தட்டு ஒன்று எந்நேரமும் செருகப்பட்டு நிற்கும். "மூண்டு பிரதி இருக்குத்தானே சேர்" என்றார் இளைஞர்.

இல்லை. ஒரு பிரதிதான் இருக்கிறது என்பது என் கருத்து. இரட்டை வன்தட்டு என்பது ஒரு தட்டுப் பழுதானால் வேலை நிற்காமலிருப்பதற்கான ஏற்பாடு. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு தட்டிலும் ஒரே கணத்தில் அழியும். செருகியே வைத்திருக்கும் வெளித்தட்டை, கணினிக்குள் புகும் கப்பம் கேட்கும் நிரல் முதல் வேலையாகப் பூட்டும். மின்னல் இறங்கினாலும் மூன்றும் சேர்ந்தே போகும். வெள்ளம் வந்தால் சொல்லவே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தபோது அந்தக் கறுப்புப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் இதே இளைஞர். அவருடைய தோள்தான் சங்கத்தின் காப்புப்பிரதித் திட்டமாக இருந்திருக்கிறது.

20 நாடாக்களை என்ன செய்வது? கணினி உலகில் இதற்கு 'பாட்டன் - தந்தை - மகன்' என்று ஒரு பழைய முறை உண்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளர் வைத்த பெயராக இருக்க வேண்டும், ஆனால் நமது ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மகன் நாடாக்கள் 4: திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொன்றும் அடுத்த வாரம் அதே நாளில் மீண்டும் எழுதப்படும். வெள்ளிக்கிழமைக்குத் தந்தை நாடாக்கள் 4: முதல் வெள்ளி, இரண்டாம் வெள்ளி என்று. இவை அடுத்த மாதத்தில் திரும்ப வரும். மாதத்தின் கடைசி வெள்ளிக்குத் தந்தையை எடுக்காமல் பாட்டனை எடுக்க வேண்டும். பாட்டன்கள் 12, தை முதல் மார்கழி வரை மாதத்துக்கு ஒருவர். நான்கும் நான்கும் பன்னிரண்டும் 20. ரொறன்ரோ நண்பர் ஏன் 20 அனுப்பினார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. கடிதத்தில் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

இந்தக் கணக்கின் பயன் என்னவென்றால், நேற்று நடந்த தவறுக்கு மகனிடம் போகலாம். மூன்று வாரத்துக்கு முன் நடந்ததற்குத் தந்தையிடம். எட்டு மாதத்துக்கு முன் நடந்து இன்றைக்குத்தான் கண்ணில் பட்டதற்குப் பாட்டனிடம். தவறு நடக்கும் நாளும் தவறு தெரியவரும் நாளும் ஒன்றல்ல. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

2007 இன் தொடக்க மாதங்களில் எங்கள் அலுவலகத்துப் படப்பிடிப்பாளர் ஒருவர் மட்டக்களப்பு முகாம்களில் வாகரைப் பக்கமிருந்து வந்த சனங்களைப் படமெடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். பத்திரிகையில் வந்தவை நான்கைந்து படங்கள். எடுத்தவை சில நூறு. எல்லாம் சேர்வரில் ஒரு கோப்புறையில் இருந்தன. அப்போது எங்களிடம் டாற் 72 வகை நாடாக்கள் 7 இருந்தன, கிழமைக்கு ஒன்றாக. நான் தினமும் இரவு பதிப்பு முடிந்ததும் நாடாவை மாற்றுவேன். ஒரு நாளும் தவறியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2010 இல் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். ஈச்சிலம்பற்றிலிருந்து பஸ் ஏறி வந்தவர். முகாமில் உணவு வரிசையில் அவருடைய மகன் நிற்பதை எங்கள் படப்பிடிப்பாளர் எடுத்தது அவருக்கு நினைவிருந்தது. அதற்குச் சில மாதங்களின் பின் மகன் காணாமற் போனான். "தம்பி, அவன்ட படம் என்னட்ட ஒண்டும் இல்ல. நீங்க எடுத்ததுதான் இருக்கும்" என்றார். முறைப்பாடு கொடுத்த ஒவ்வோரிடத்திலும் படம் கேட்டிருக்கிறார்கள்.

கோப்புறை இருக்கவில்லை. சேர்வரில் இடம் நிறைந்தபோது எவரோ 2007 ஆம் ஆண்டுப் படங்களை அழித்திருக்கிறார்கள். எப்போதென்றுகூடத் தெரியவில்லை. நானோ அதன் பின்னரும் ஒவ்வோர் இரவும் ஒழுங்காக நாடா மாற்றியிருக்கிறேன். ஏழே நாட்களில் ஏழு நாடாவிலும் அந்தப் படங்கள் இல்லாத பிரதி ஏறிவிட்டது. என்னுடைய ஒழுங்கே மிஞ்சியிருந்த பிரதியையும் அழித்தது. அந்தத் தாய் இரண்டு மணி நேரம் எனக்கருகில் அமர்ந்து நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் கொடுத்தோம். பிறகு எழுந்து போனார்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அன்று 12 பாட்டன்கள் இருந்திருந்தாலும் அந்தப் படம் கிடைத்திருக்குமா? பெரும்பாலும் இல்லை, அழித்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தால் பன்னிரண்டாவது பாட்டனும் மாறியிருப்பான். சுற்றில் இருக்கும் நாடா வேறு, ஆவணமாக வைக்கும் நாடா வேறு. என்றைக்கும் வேண்டியவற்றை ஆண்டுக்கொரு முறை தனி நாடாவில் எழுதி, நாடாவின் ஓரத்திலுள்ள சிறு பூட்டை நகர்த்தி, இனி எழுத முடியாதபடி செய்து சுற்றுக்கு வெளியே வைக்க வேண்டும். பாட்டனுக்கும் மேலே பூட்டன். ஆகவே, ஈச்சிலம்பற்றுக்கு 20 போதாது. ஆண்டுக்கு இரண்டு கூடுதலாக வேண்டும் என்று சங்கத்தாரிடம் சொன்னேன். பொருளாளர் முகத்தைச் சுளித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

'இந்தக் காலத்தில் நாடாவா?' என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். எல்லாவற்றையும் மேகக்கணினியில் ஏற்றிவிட்டுத் தூங்கலாமே என்பார்கள். அவர்களுக்காக நமது நாட்டிலிருந்தே இரண்டு செய்தி. 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரச மேகக்கணினியிலிருந்து அழிந்துபோயின. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை விவகாரம் போயிற்று. முறையான காப்புப்பிரதி இல்லாதிருந்தமை அப்போதுதான் நாட்டுக்குத் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 2023 ஓகஸ்ட் 26 அன்று, அதே அரச மேகக்கணினியில் அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளைக் கப்பநிரல் பூட்டிவிட்டது. சேவையை விரைவிலேயே மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்ப வரவில்லை. இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்பில்லாமல் தனியே எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மென்பொருளோ உற்பத்தியாளரின் ஆதரவு முடிந்துபோன 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. நாட்டின் அமைச்சரவை அலுவலகத்துக்கே மூன்று மாதக் கடிதங்கள் போய்விட்டன என்றால், ஈச்சிலம்பற்றுச் சங்கம் எங்கே போய் முறையிடுவது?

நாம் ஏழை நாடு என்று சமாதானம் சொல்லவும் முடியாது. 2025 செப்டெம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றியதில் அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த முழுத் தொகுதியும் எரிந்தது, 858 ரெராபைற். அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள். கொரியாவே அப்படி.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம். 2011 பெப்ரவரியில் ஒரு மென்பொருட் பிழையால் ஜீமெயில் பாவனையாளர்களில் 0.02 வீதத்தினரின் அஞ்சற்பெட்டிகள் வெறுமையாயின. கூகிள் ஒவ்வோர் அஞ்சலையும் பல தரவு நிலையங்களில் வைத்திருந்தது; பிழை எல்லா நிலையங்களிலும் அழித்தது. கடைசியில் அவற்றை மீட்டது நாடாக்களிலிருந்து. இயக்கியிலிருந்து கழற்றி இறாக்கையில் வைத்த நாடாவை எந்த நிரலாலும் எட்டித் தொட முடியாது. ஓடாமற் கிடப்பதுதான் அதன் பலம்.

நான் மேகக்கணினிக்கு எதிரியல்லன். இணைய இணைப்பு நன்றாயிருந்தால் அங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும். ஆனால் அது கூட்டத்தில் ஒருவர். வீட்டுத் தலைவர் அல்லர்.

அடுத்து, பாட்டன் எங்கே குடியிருப்பது என்ற கேள்வி. இதில் நாங்கள் ஒரு பிற்பகல் முழுவதும் வாதிட்டோம். சேர்வருக்குப் பக்கத்து இரும்பு அலுமாரி என்று முதலில் சொன்னார்கள். அது நான் பத்திரிகை அலுவலகத்தில் செய்தது. தீ வந்தால் அலுமாரி அடுப்பாகும். பாடசாலையில் வைக்கலாமென்றார் ஒருவர். வெள்ளத்துக்குச் சனங்கள் முதலில் ஓடுவது பாடசாலைக்குத்தான். ஆனாலும் அது அதே ஊர், அதே கடல், அதே ஆறு. திருகோணமலை நகரம்? 2004 இல் அதே அலை அங்கும் அடித்தது. அப்படியானால் உள்நாட்டில் கந்தளாய் என்றார் செயலாளர். அறையின் மூலையிலிருந்த முதியவர் சிரித்துவிட்டார். 1986 ஏப்பிரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைந்ததை அவர் கண்டவர்.

பத்திரமான இடம் என்று ஒன்று இந்தத் தீவில் இல்லை. ஆதலால் இரண்டு இடம் வேண்டும்; இரண்டுக்கும் ஒரே ஆபத்து ஒரே நாளில் வராதிருக்க வேண்டும். கடைசியில் தந்தை நாடாக்கள் திருகோணமலை நகரில் உறுப்பினரொருவரின் வீட்டு மேல்மாடியிலும், பாட்டன் நாடாக்கள் மலைநாட்டில் சங்கத்தாருக்கு வேண்டிய ஒருவரிடமும் இருப்பதென முடிவாயிற்று. காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே ஈரமுறிஞ்சும் மணிகள். கடற்காற்றும் பூஞ்சணமும் நாடாவுக்கு எதிரிகள். ஒரு நாடாவுக்குள் 846 மீற்றர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. ஓரிடத்தில் பூஞ்சணம் பிடித்தால் இயக்கிக்குள்ளும் அது தொற்றும்.

ஓர் இடைச்செருகல். நம் முன்னோர் ஏட்டுச்சுவடியைச் செல்லரிக்குமுன் படியெடுத்து, பழையதை ஒதுக்கிப் புதியதைப் பேணினார்கள். சுற்று முறை நமக்குப் புதிதல்ல. சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் நூல்களைப் பதிப்பிக்க முடிந்ததென்றால், ஓரூரிற் சிதைந்த சுவடியின் வேறு படி இன்னோரூரில் கிடைத்தமையால்தான். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்த பின் நேர்ந்ததும் நமக்குத் தெரியும். 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிந்தது. கடையில் மீண்டும் வாங்கக்கூடிய நூல்களை வாங்கிவிட்டார்கள். வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் பழைய பத்திரிகைத் தொகுப்புகளும் போனவை போனவைதான்.

பிரதி பெருகினால் அதற்கும் ஓர் ஆபத்து உண்டு. இதை வெளிநாட்டுக் கையேடுகள் ஒரு பத்தியில் கடந்துவிடும், நம்மால் முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. பெயர், முகவரி, குடும்பம், காணி என்று ஒரு முழுப் பிரதேசத்தின் விபரமும் அடங்கிய நாடாவைத் தோட்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது விளையாட்டன்று. மறையாக்கம் செய்யாமல் ஒரு நாடாவும் அறையைவிட்டு வெளியேறக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இப்போது இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். திறவுச்சொல் யாரிடம் இருப்பது? இளைஞர் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் கட்டாருக்கு வேலைக்குப் போகும் நாளில் 20 நாடாவும் செங்கற்கள். இரண்டு முத்திரையிட்ட உறைகளில் எழுதித் தலைவரிடம் ஒன்று, நாடா இல்லாத வேறோரிடத்தில் ஒன்று என்று ஒழுங்கு செய்தோம். நாடாவும் சாவியும் ஒரே பையில் பயணம் செய்யக்கூடாது.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் புலம்பெயர்ந்த நண்பர்களிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்கு இயந்திரம் அனுப்புகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒரேயொரு இயக்கியை அனுப்பினால் அது பழுதாகும் நாளில் எல்லா நாடாவும் ஊமையாகிவிடும். எல்.ரீ.ஓ-5 நாடாவை வாசிக்க 5, 6, 7 ஆம் தலைமுறை இயக்கிகளால்தான் முடியும். 8 ஆம் தலைமுறை இயக்கி அதைத் தீண்டாது. புதிய இயக்கி வாங்குவதென்றால் சில ஆயிரம் டொலர். அந்தச் சங்கத்தின் ஆண்டுச் செலவைவிட அது பெரிது. பாவித்த இயக்கி இன்னொன்றும் துப்புரவு நாடா ஒன்றும் அனுப்புங்கள். அவற்றைப் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். அதற்கும் வழியில்லாத ஊர்களுக்கு என் யோசனை, நாடாவையே மறந்துவிட்டு நான்கைந்து யூ.எஸ்.பி வன்தட்டுகளை வாங்கி இதே குடும்ப முறையில் சுற்றிவிடுவது. செருகியே வைக்காமல் கழற்றி, வேறூருக்குக் கொண்டுபோனால் போதும். முறைதான் முக்கியம், நாடா அவ்வளவு முக்கியமன்று.

அரசுக்கும் ஒரு வார்த்தை. பிரதேச செயலகங்கள் தோறும் கணினிமயம் என்கிறார்கள், திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார், நாடா வெட்டப்படுகிறது. அந்த நாடாவோடு இந்த நாடாவுக்கும் ஒரு செலவினத் தலைப்பு ஒதுக்கினால் என்ன? மூன்று மாதத்துக்கொரு தடவை கணக்காய்வாளர் வந்து காசுப்பெட்டியை எண்ணுகிறார். அதே வருகையில் ஒரு நாடாவைச் சுட்டிக்காட்டி 'இதிலிருந்து இந்தக் கோப்பை மீட்டுக் காட்டுங்கள்' என்று கேட்க அவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி, காப்புப்பிரதி இருக்கிறது என்ற வதந்திதான். 2017 ஜனவரி 31 அன்று ஜிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் களைப்பில் தவறான தரவுத்தளத்தை அழித்தபோது, அவர்கள் நம்பியிருந்த பல காப்பு முறைகளில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. வேறு நோக்கத்துக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னர் எடுத்த பிரதியே காப்பாற்றியது. கணினியே தொழிலானவர்கள் அவர்கள்.

நாங்களும் மீட்டுப் பார்த்தோம். முதற் பாட்டன் எழுதி முடிந்த வெள்ளி இரவு, சேர்வரைத் தொடாமல், கடன் வாங்கிய பழைய கணினி ஒன்றில் இயக்கியைப் பூட்டி நாடாவைப் போட்டோம். நாடா உள்ளே இழுபடும் ஓசையைக் கேட்டு அறையிலிருந்தவர்கள் பேசாமல் நின்றார்கள். ஒரு முதியவளின் காணி அனுமதிப்பத்திரத்தைத் தெரிந்தெடுத்தோம். திரையில் வந்தது, கறையான் அரித்த மூலையோடு. பிறகு முழுவதையும் மீட்டு எண்ணியதில் 11 கோப்புகள் திறக்கவில்லை. நாடாவில் பிழை என்று எல்லோரும் பயந்தார்கள். தேடிப் பார்த்தால் சேர்வரிலேயே அந்தப் 11 உம் திறக்கவில்லை. வருடியெடுத்த அன்றே மின்சாரம் நின்று பழுதாகியிருக்கின்றன. எவரும் அதுவரை திறந்து பார்த்ததில்லை. மூலக் கடதாசி உள்ளவர்களை மறுவாரம் வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 9 பேர் வந்தார்கள்.

நாடாப் பதிவேடு என்று 80 பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார் இளைஞர். திகதி, நாடாவின் பெயர், எழுதியவர், எடுத்துச் சென்றவர், பெற்றுக்கொண்டவர், மீட்டுப் பார்த்த திகதி என்று கோடு போட்டிருக்கிறார். எனக்கு அனுப்பிய படத்தில் மூன்று மாத வரிகள் நிரம்பியிருந்தன. ஓரிடத்தில் மட்டும் புதன் மகன் எழுதப்படவில்லை. காரணம் என்ற இடத்தில் 'வெருகல் கோயிற் திருவிழா' என்று எழுதியிருந்தது.